கறிவேப்பிலை: ஒதுக்கவா? உண்ணவா?

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், சாப்பிட்டு எழுந்த வாழையிலையின் ஓரத்தில் ஒரு சிறு பச்சைக் குவியல் கிடக்கும். சாம்பாரிலும் ரசத்திலும் பொரியலிலும் இருந்த கறிவேப்பிலையை விரலால் தேடித் தேடி எடுத்து ஒதுக்கி வைத்த குவியல் அது. கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருப்பவரும் அதே பந்தியில் உட்கார்ந்து, தம் பங்குக்கு ஒரு குவியலை வைத்துவிட்டுத்தான் எழுந்து போவார்.

இதைச் சொல்லிக் கேலி பேசுவது உறவுக்காரர்களுக்குள் வழக்கம். "ஏனுங்க மாப்பிள்ளை, கிலோக் கணக்குல எடை போட்டு வித்த எலையை இப்படி ஓரங்கட்டிப் போட்டீங்களே?" என்று மாமன் முறைக்காரர் ஆரம்பிப்பார். "அது விக்கறதுக்குத்தானுங்க மாமா, திங்கறதுக்குங்களா?" என்று பதில் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வாசத்துக்குப் போட்டதை வாசம் இறங்கிய பின் தூக்கிப் போடுவதில் தப்பென்ன என்று ஒரு கட்சி. சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று இன்னொரு கட்சி. பாயசம் வருகிற வரை வாதம் நடக்கும்.

சிரித்துவிட்டுப் போக வேண்டிய பேச்சுத்தான். ஆனால் அந்த மாப்பிள்ளையின் பதிலில் இவ்வட்டாரத்து விவசாயியின் பெரிய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. யாரும் தின்னாத பண்டம் என்று மனதில் பதிந்துவிட்டால், அதன்மேல் மருந்து அடிக்கக் கை கூசுவதில்லை.

கொசுறாகப் போகும் பயிர்

கறிவேப்பிலைக்கு மதிப்புக் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்கறிக் கடையில் காசு கொடுக்காமல் கேட்டு வாங்குகிற பொருள் இது. கத்தரிக்காயும் தக்காளியும் வாங்கி முடித்த பிறகு, "ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் மறுப்பதில்லை. அவர் அதை விலை கொடுத்துத்தான் வாங்கி வந்திருப்பார். அதற்கு முன்னால் ஒரு வியாபாரி, அதற்கும் முன்னால் தோட்டத்தில் வெட்டுக்கூலி கொடுத்த விவசாயி. சமையலறைக்கு இலவசமாக வந்து சேருகிற இந்த இலைக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

கோவை மாவட்டத்தில், குறிப்பாகக் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துச் செம்மண் பூமியில், கறிவேப்பிலை தனிப் பயிராகவே சாகுபடி செய்யப்பட்டு வருகிறது. இங்கிருந்து கேரளத்துக்கும், மற்ற மாநிலங்களுக்கும், வெளிநாட்டுக்கும் இலை போகிறது. ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் வெட்டலாம், வாழையைப் போலக் காற்றுக்குச் சாயாது, தண்ணீர் கொஞ்சம் தாமதித்தாலும் தாங்கும். இந்தக் காரணங்களுக்காகச் சிறு விவசாயிகள் இதை விரும்புகிறார்கள். தமிழக அரசின் 2023-24 வேளாண்மை நிதிநிலை அறிக்கையிலும் கோவை மாவட்டத்துக் கறிவேப்பிலைச் சாகுபடி தனியாக இடம் பெற்றது.

பெயரைப் பற்றியும் ஒரு வாதம் உண்டு. 'கருவேப்பிலை' என்று சொல்பவர்களும் 'கறிவேப்பிலை' என்று எழுதுபவர்களும் விட்டுக் கொடுப்பதில்லை. பழந்தமிழில் கறி என்றால் மிளகு. மிளகுபோல் காரசாரமான மணமும் வேம்பு போன்ற இலையும் கொண்டது என்று பொருள் கொண்டால் றகரமே பொருந்துகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இது கஞ்சகம் என்ற பெயரில் வருகிறது. மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து விருந்தினருக்கு வைத்ததாக அதில் செய்தி இருக்கிறது. அந்த விருந்தாளி இலையை ஒதுக்கினாரா என்று புலவர் சொல்லவில்லை!

தாவர நூலில் இதன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'கோயனிகி' என்ற சொல், 18-ம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து தென்னாட்டுச் செடிகளைத் திரட்டிய கோனிக் என்பவரைக் குறிப்பது. வேம்பு என்று பெயரில் இருந்தாலும் இது வேம்பு இனமல்ல. எலுமிச்சை, நார்த்தை, வில்வம், விளா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சையைத் தாக்கும் பூச்சிகள் இதற்கும் வருவது இந்த உறவினால்தான்.

வீட்டு இலையா, தோட்டத்து இலையா?

வீட்டுப் பெண்களிடம் கேட்டால், "பொடக்காளி மரத்து இலைக்கு இருக்கற வாசம் வாங்கற இலைக்கு வராதுங்க" என்பார்கள். தோட்டக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மணம் முதலில் செடியைப் பொறுத்தது. காம்பும் நடு நரம்பும் செந்நிறமாக உள்ள செங்காம்பு வகை மணம் மிகுந்தது என்று இவ்வட்டாரத்தில் பெயர் பெற்றது. தோட்டங்களில் விரும்பி நடப்படுவதும் அதுவே. தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து டி.டபிள்யு.டி. 1, டி.டபிள்யு.டி. 2 என்ற இரண்டு வகைகள் வெளிவந்துள்ளன. இரண்டாவது குளிர் காலத்தை ஓரளவு தாங்கும். அடுத்தது வளர்ப்பு. யூரியாவையும் தண்ணீரையும் தாராளமாகக் கொடுத்துக் குறுகிய நாளில் வெட்டிய அகன்ற இலையில் எடை இருக்கும். கசக்கி முகர்ந்தால் ஏமாற்றம் இருக்கும். வீட்டு மரம் அளவாகக் குடித்து மெதுவாக வளர்கிறது. மேலும் அது பறித்த மறு நிமிடம் எண்ணெய்ச் சட்டிக்குப் போகிறது. வாங்கிய இலையோ மூட்டையில் வெந்து ஒரு நாள் கழித்து வருகிறது. வித்தியாசத்தில் பாதி இங்கேயே வந்துவிடுகிறது.

இந்த மணத்துக்குக் காரணமான பொருள் எது என்று ஜெர்மனியில் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். கந்தகம் சேர்ந்த ஒரு கூட்டுப் பொருள், மிக மிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு இத்தனை வாசத்தையும் தருகிறது. இலையை உலர்த்தும்போது அது குறைந்து போகிறது. பச்சை இலைக்கு ஈடாக உலர்ந்த இலை மணப்பதில்லை என்று பாட்டிமார் சொன்னது சரிதான்.

சத்து எவ்வளவு?

நூறு கிராம் பச்சைக் கறிவேப்பிலையில் சுண்ணாம்புச் சத்து 600 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே எடை பாலில் 120 மில்லிகிராம் அளவுதான். உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும் கரோட்டின் சத்தும் நிறைய உண்டு. இதைச் சொல்லித்தான் 'உண்ணும்' கட்சிக்காரர்கள் வாதத்தில் ஜெயிப்பார்கள்.

ஆனால் நூறு கிராம் கறிவேப்பிலையை ஒரு வேளையில் யார் சாப்பிடுகிறார்கள்? தாளிப்பில் போடும் ஒரு கொத்தில் ஓரிரு கிராம் தேறினால் அதிகம். அதைத் தின்பதால் மட்டும் எலும்பு இரும்பாகிவிடாது. நரைத்த முடி கறுக்கும் என்பதும் மிகைப் பேச்சே. துவையலாகவோ பொடியாகவோ நாள்தோறும் கைப்பிடி இலை உள்ளே போனால் பயன் தெரியும். அரைத்துவிட்டால் ஒதுக்குவதற்கும் வழியில்லை. குழந்தைகளுக்கு இதுவே சிறந்த முறை.

மருந்தும் கறிவேப்பிலையும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம். 2015-ல் கேரளத்தில், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகப் பெரிய பேச்சு எழுந்தபோது, கறிவேப்பிலையின் பெயர் அதில் பலமாக அடிபட்டது. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட கூடுதல் சோதனைப் பட்டியலிலும், மருந்து எச்சத்துக்காக இந்தியக் கறிவேப்பிலை இடம் பெற்றது. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பையிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துவிடுவது வேறு காரணத்துக்காக. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பசுமையாகும் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சி இந்த இலையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு.

"ஒதுக்கிப் போடுகிற இலைதானே, அதில் மருந்து இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வாதம் நிற்காது. கறிவேப்பிலையின் வாசம் எண்ணெயில் இறங்குவதால்தான் நாம் தாளிக்கிறோம். பூச்சிமருந்துகளில் பலவும் எண்ணெயில் நன்றாகக் கரையக்கூடியவை. வாசம் இறங்குகிற அதே எண்ணெயில் மருந்தும் இறங்க இடமுண்டு. இலையை ஒதுக்கியவர் எண்ணெயை ஒதுக்கவில்லையே. கொங்கு நாட்டுப் பச்சைப்புளி ரசத்தில் இன்னும் மோசம். அதில் கொதிக்க வைப்பதே இல்லை. புளித்தண்ணீரில் வெங்காயம், பச்சைமிளகாயோடு கறிவேப்பிலையையும் கையால் கசக்கிப் பிழிந்து அப்படியே சோற்றில் ஊற்றிக்கொள்கிறோம்.

கடையில் வாங்கும் இலையைப் புளி கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவது நல்லது. மேலே படிந்திருப்பது பெரும்பாலும் போகும். ஆனால் செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்தை எந்தத் தண்ணீரும் கழுவாது. அதைத் தோட்டத்தில்தான் தடுக்க வேண்டும்.

சைலிட் பூச்சி இளந்துளிரில்தான் முட்டையிடும். எனவே இலை வெட்டிய பின் துளிர் விடும் முதல் வாரங்களில் செடியைக் கவனித்து வந்தால் போதும். அந்தச் சமயத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் அடிக்க வேண்டும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு முதலில் பறவை எச்சம் போலவும் பின் பச்சையாகவும் இருக்கும்; கையால் பொறுக்கிவிடலாம். செதில் பூச்சி பிடித்த குச்சிகளை வெட்டி எரித்துவிடுவதே சிக்கனம். செடியைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குள் கவாத்து செய்து 5, 6 கிளைகளோடு வைத்துக்கொண்டால் இந்தக் கண்காணிப்பு எளிது. செடிக்குச் செடி 4 முதல் 5 அடி இடைவெளி வேண்டும். 5 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,740 செடி பிடிக்கும். நெருக்கி நட்ட தோட்டத்தில் காற்றோட்டமின்றி இலைப்புள்ளி நோய் வந்து, அதற்கும் ஒரு மருந்து என்று செலவு நீளும்.

வெட்டுக்குப் பத்து நாள் முன்னால் இலை பளபளப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அடிக்கும் கடைசி மருந்துதான் எல்லாக் கெடுதலுக்கும் மூலம். அதை நிறுத்த வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது; டிரையசோபாஸ் 2020 இறுதியோடு முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. பழைய டப்பாவில் மிச்சம் இருக்கிறது என்று கறிவேப்பிலைக்கு அடிப்பது குற்றமும் ஆகும், பாவமும் ஆகும்.

மார்கழி, தை மாதங்களில் இன்னொரு தவறு நடக்கிறது. வெப்பநிலை 16 டிகிரிக்குக் கீழே போனால் கறிவேப்பிலை மொக்குகள் உறங்கிவிடும். வரத்துக் குறைந்து விலை ஏறும். அந்த விலையைப் பிடிக்க யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். குளிரில் தூங்கும் மொக்கை யூரியா எழுப்பாது. பணம்தான் மண்ணுக்குள் போகும். செடிக்கு ஆண்டுக்கு 20 கிலோ மக்கிய தொழுஎரு இட்டு, தை கடந்து வெயில் ஏறும் வரை பொறுப்பது நல்லது.

விலை இறங்கினால் பொடி

மழைக்குப் பின் எல்லாத் தோட்டங்களும் ஒரே சமயத்தில் தழைத்துவிடும்போது வெட்டுக்கூலிகூடக் கட்டாமல் போகிறது. அப்போது இலையை உலர்த்திப் பொடியாக்கி விற்கலாம் என்ற யோசனையை மகளிர் குழுவினர் பலரும் கேட்கிறார்கள். செய்யலாம். காம்பு நீக்கிய 3 கிலோ பச்சை இலைக்குச் சுமார் ஒரு கிலோ உலர்ந்த இலை கிடைக்கும். வெயிலில் காயவைத்தால் நிறமும் கரோட்டினும் போய்விடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், மெல்லியதாகப் பரப்பி உலர்த்த வேண்டும். மணம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். வறுத்த உளுந்து, மிளகு, மிளகாயோடு சேர்த்து இடிக்கும்போது அந்தக் குறை தெரியாது. விற்பனைக்குச் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. 3 கிலோ இலையிலிருந்த மருந்து எச்சத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கிலோவில் வந்து சேர்ந்துவிடலாம். பொடியை யாரும் ஒதுக்கி வைக்க முடியாது. போட்டது முழுவதும் வயிற்றுக்குள் போகும். ஆகவே பொடிக்கென்று நான்கு பாத்தியையாவது தனியே பிரித்து, அதில் வேப்பங்கொட்டைச் சாறு தவிர வேறு எதையும் அடிக்காமல் குறைந்தது இரண்டு வெட்டு விட்டு, மூன்றாவது வெட்டிலிருந்து இலை எடுக்கலாம். பக்கத்துப் பாத்திக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து விழாதபடி நடுவில் இரண்டு வரிசை மக்காச்சோளமோ கம்பு நேப்பியர் புல்லோ இருந்தால் மாட்டுக்கும் தீவனமாகும்.