செம்பு வளையத்தில் ஒரு காளை

புதுச்சேரிக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருக்கும் பாகூரில் 1879இல் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எழுதப்பட்டவை. அவ்வூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்ற உயர்கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செய்தி அவற்றில் இருக்கிறது. ஏடுகள் பிறகு பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. ஏடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் இருப்பது பல்லவரின் காளை.

வளையம் வெறும் கட்டுக்கம்பி அல்ல. ஒவ்வோர் ஏட்டிலும் துளையிட்டு அதில் வளையத்தை நுழைப்பார்கள். அதன் இரு முனைகளையும் ஓர் உலோகக் கட்டியில் புதைத்து, அந்தக் கட்டியின் முகத்தில் அரச முத்திரையை அமைப்பார்கள். இடையில் ஒரு பொய் ஏட்டைச் செருகவோ, வேண்டாத ஏட்டை உருவவோ நினைப்பவன் வளையத்தை அறுத்தாக வேண்டும். அறுத்தால் வடு தெரியும். பல செப்பேடுகளில் ஏட்டின் விளிம்பையும் சற்று உயர்த்தியிருப்பார்கள். ஏடுகள் ஒன்றோடொன்று உரசினாலும் எழுத்து தேயாது.

காவலுக்கு ஏன் விலங்கு? செப்பேட்டில் சமஸ்கிருதமும் தமிழும் இருந்தன. ஊரில் எத்தனை பேரால் படிக்க முடிந்திருக்கும்? காளையைப் பார்த்தால் பல்லவர், பன்றியைப் பார்த்தால் சாளுக்கியர், புலியைப் பார்த்தால் சோழர் என்று அறிய எழுத்தறிவு தேவையில்லை.

சோழர்கள் இந்த விலங்குச் சின்னங்களின் மொழியில் ஒரு வாக்கியமே எழுதினார்கள். முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேட்டில் 57 ஏடுகள். மொத்த எடை நூறு கிலோவுக்கு மேல்; இரண்டு சிமெண்ட் மூட்டையைத் தூக்குவதுபோல. சோழ முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கும். அதன் எதிரே பாண்டியரின் இரட்டைக் கயல், கீழே சேரரின் வில். மேலே குடையும் இருபுறம் சாமரங்களும். மூன்று அரசுகளின் சின்னங்களும் ஒரே வட்டத்துக்குள் இருக்கின்றன, குடை ஒன்றுதான். யார் யாரை வென்றார் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? இதை வடித்த கம்மியனின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

உயிருள்ள விலங்கும் இந்தக் காவல் ஏற்பாட்டில் உண்டு. சோழர் காலத்தில் கொடை நிலத்தின் எல்லையைச் சுற்றி ஒரு பெண் யானையை நடத்திச் செல்வார்கள். பிடி சூழ்தல் என்று பெயர். அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டால் எல்லை உறுதி. ஊரே பார்த்து நிற்க யானை போன வழியைப் பிற்பாடு யார் மறுப்பது!

அரச விலங்கைக் காப்பதில் சீனர்கள் நகத்தைக்கூட எண்ணினார்கள். மிங் அரசர்கள் காலத்தில் ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசர் குடும்பத்துக்கே உரியது. அரசவை அதிகாரிக்குப் பரிசாகக் கிடைத்த அங்கியில் அதே மாதிரி விலங்கு நெளியும், ஆனால் நான்கே நகங்களோடு.

சோழப் புலியின் முன் அடங்கிக் கிடந்த கயல் 13ஆம் நூற்றாண்டில் பழி தீர்த்துக்கொண்டது. பாண்டியர் கை ஓங்கியதும், பல கோயில்களின் விதானக் கற்களில் இரட்டைக் கயலும் நடுவே செண்டும் ஏறின. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். நம்மில் பலர் பார்ப்பதில்லை.

புதுச்சேரிக்குக் கடைசியாக வந்த அரச விலங்கு ஒரு பறவை. பிரெஞ்சு மன்னர்களின் லில்லிப்பூ இங்கே அடித்த காசுகளில் நெடுங்காலம் இருந்தது. 1830இல் பாரிசில் புரட்சி நடந்து லூயி பிலிப் அரியணை ஏறினார். பழைய வம்சத்தின் பூ அவருக்கு ஆகவில்லை. அதனால் பிரெஞ்சு நாட்டின் சேவலை முன்னிறுத்தினார். அந்த மாற்றம் கடல் கடந்து நம் சந்தைக்கும் வந்தது. 1836 என்று ஆண்டிட்ட செம்புத் துட்டின் ஒரு பக்கத்தில் சேவல் நிற்கிறது. திருப்பினால் பிரெஞ்சு எழுத்தே இல்லை. தமிழில் புதுச்சேரி என்று இருக்கிறது.