வெண்பனிப் பருவம் – 9: ஏறுவதே பந்தயம்

மார்கழி பிறந்துவிட்டால், விடிகாலையில் முற்றம் கூட்ட வெளிப்படும் எங்கள் ஊர்த் தாய்மார் சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொள்வதும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பார்த்து, "பனி படாமல் போ, தடிமன் பிடிக்கும்" என்று சொல்லுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றைக்கும் மாறாத வழக்கங்கள். அந்தப் பனி புல்நுனியில் முத்தாக நின்று, வெயில் ஏறியதும் போய்விடுவது. ஆள் உயரத்துக்குக் கொட்டி, மாதக்கணக்காக உருகாமல் கிடந்து, சில வேளைகளில் மலைச்சரிவு முழுவதும் பெயர்ந்து விழுந்து ஊர்களையே புதைத்துவிடும் மேற்றிசை நாட்டு வெண்பனிக்கும் நம்மிடம் உள்ளது அதே ஒரு சொல்தான். ஆகையால் இத்தொடரில் பனி என்று நான் எழுதுமிடமெல்லாம் புல்நுனிப் பனியை மறந்துவிட்டுப் படிக்கும்படி வாசகரை மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன்.

தொடரைப் படித்துவரும் அன்பர் சிலர் ஒரே வினாவை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கேபிள் காரில் அமர்ந்து கால்மணி நேரத்தில் மலையுச்சியை அடையக்கூடிய நாட்டில், பலகையைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க அடிவாரத்திலிருந்து ஏறுவானேன் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. சாதாரணப் பனிச்சறுக்கில் ஏற்றம் யந்திரத்தின் பொறுப்பு. மனிதனுக்கு இறக்கத்தின் இன்பம் மட்டுமே மிச்சம். ஸ்கீ மலையேற்றம் என்னும் பந்தயத்திலோ ஆரோகணம், அவரோகணம் இரண்டையும் வீரன் தன் சொந்தத் தேகத்தாலேயே நிறைவேற்றவேண்டும். ஒரு மணி நேரம் ஏறிய மலையைச் சில நிமிஷங்களில் இறங்கிவிடலாம் என்பதால், வெற்றி தோல்வி பெரும்பாலும் ஏற்றத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது. ஏறுவதே பந்தயம், இறக்கம் அதற்குக் கிடைக்கும் சன்மானம்.

வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் கொண்டு மேலே ஏறுவது எப்படி? விளைமீனையோ கொடுவாவையோ கையில் எடுத்துத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் செதில் எதிர்த்து நின்று விரலைத் தடுக்கும். முற்காலத்து மலைவாசிகள் கடல்நாயின் தோலில் இதே குணத்தைக் கண்டு, அதை உரோமம் பின்னோக்கிச் சாயும்படி பலகையின் அடியில் கட்டினார்கள். பலகை முன்னே நழுவும், பின்னே நழுவாது. இன்று கடல்நாயின் இடத்தை அங்கோரா ஆட்டின் உரோமமும் நைலோனும் பிடித்துக்கொண்டன. ஆனாலும் தோல் என்ற பழைய பெயர் போகவில்லை. ஏறும்போது பாதணியின் குதிப்பக்கம் பலகையிலிருந்து விடுபட்டு, நடப்பது போல எழுந்து எழுந்து படியும். உச்சியை அடைந்ததும் தோலை உரித்து, குதிகாலைப் பலகையோடு பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு பலகையும் அதன் பூட்டும் சேர்ந்து ஒரு கிலோகிராம் நிறைகூட இல்லாதபடி இந்த உபகரணங்களை இக்காலத்தில் செய்திருக்கிறார்கள்.

தேர்ந்த வீரர் பலகையைக் காலிலிருந்து கழற்றாமலே குனிந்து, நுனியிலே பிடித்து ஒரே இழுப்பில் தோலை உரித்தெடுத்து, அதன் பசை குளிரில் கெட்டுப்போகாதிருக்கும்பொருட்டு மார்போடு சேர்த்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். விறைத்த விரல்களால், உச்சியில் வீசும் காற்றில், இதயம் தொண்டைக்கு வந்து துடிக்கும் வேளையில் செய்யவேண்டிய காரியம் இது. பெருந்தூரம் ஏறிவந்து, இந்தத் தோலுரிப்பில் தடுமாறிப் பந்தயத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

1932இல் தொடங்கிய சர்வதேச மலையேற்றச் சங்கங்களின் ஒன்றியத்தின் கீழிருந்த இவ்விளையாட்டு, 2008இல் தனிச் சம்மேளனம் கண்டது. 2020இல் லொசானில் நடந்த இளையோர் குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மறு ஆண்டு ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் குழு அளித்த சம்மதத்தால், 2026 பெப்ரவரியில் இத்தாலியின் போர்மியோவில் ஒலிம்பிக் மேடை ஏறியது. அங்கே வைத்தவை குறும்பந்தயமும், ஆணும் பெண்ணும் மாறிமாறி ஓடும் கலப்பு அஞ்சலும் மாத்திரமே. குறும்பந்தயம் சுமார் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அதன் விறுவிறுப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் இவ்விளையாட்டின் ஆன்மா அரங்கத்தில் இல்லை, மலைகளின் முதுகைக் கடந்துபோகும் நெடும்பாதைகளிலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

அந்த நெடும்பாதைகளுள் பழமையானது இத்தாலியின் மெத்ஸலாமாக் கிண்ணப் பந்தயம். 1931இல் பனிச்சரிவில் மாண்ட ஒத்தோரினோ மெத்ஸலாமா என்னும் மலையேறியின் ஞாபகார்த்தமாக, 1933இல் தொடங்கியது. மூவர் மூவராக, 4,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்களையும் தாண்டிச் செல்வது. பிரான்சின் பியெரா மெந்தா 1986 முதல் நடைபெறுவது. இருவர் சேர்ந்து நான்கு நாளில் ஏறத்தாழ 10,000 மீற்றர் உயரம் ஏறவேண்டும். இவற்றைப்பற்றி இம்மட்டில் நிறுத்திக்கொண்டு, என் மனத்தை ஆட்கொண்ட மூன்றாவது பந்தயத்துக்கு வருகிறேன்.

சுவிற்சர்லாந்தின் இராணுவம் நடத்தும் அந்தப் பந்தயத்தைப் பனியாற்றுக் காவற்படைப் பந்தயம் என்று சொல்லலாம். உலகம் யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், எல்லைமலைகளைக் காக்கும் வீரரின் தேகபலத்தைப் பரீட்சிக்கும்பொருட்டு அது பிறந்தது. ஸெர்மாட்டிலிருந்து அரோலா வழியாக வெர்பியே வரை 57.5 கிலோமீற்றர் தூரம். ஏற்றம் மாத்திரம் 4,386 மீற்றர். அதாவது நம் இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பிதுருதலாகலையின் முழு உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து ஒன்றே முக்கால் தடவை ஏறுவதற்குச் சமம். ஏப்ரில் மாதத்து இரவிலே தலைவிளக்குகளுடன் புறப்படுவார்கள். பகல் வெயில் பனியை இளக்கிச் சரியச் செய்யுமுன் ஆபத்தான சரிவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்பதே இரவில் புறப்படுவதன் காரணம். கரைக்காற்றைக் கணித்துச் சாமத்தில் தோணி தள்ளும் நம் கடற்றொழிலாளர் இந்தக் கணக்கைக் கேட்ட மாத்திரத்தில் விளங்கிக்கொள்வார்கள். 2018இல் வென்ற மூவர் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டனர். ஏனையோரில் அநேகருக்கு அதன் இருமடங்கும் அதற்கு மேலும் ஆகிறது.

இதிலும் மூவர் ஓர் அணி. புறப்படும் மூவரும் ஒன்றாகவே எல்லையைச் சேரவேண்டும். பனியாற்றின் மீது ஒரே கயிற்றில் பிணைந்து போகவேண்டும். புதையுண்டவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவியும், தோண்டுவதற்குச் சவளும், துழாவுவதற்கு நீண்ட சலாகையும் சுமந்து செல்ல வேண்டும். இவை எல்லாம் தன்னைக் காப்பதற்கல்ல, பக்கத்தில் வருபவனைக் காப்பதற்கே என்பதை யோசித்துப் பாருங்கள். ஆகவே அணியின் வேகம் என்பது மூவரில் மிகவும் களைத்தவனின் வேகந்தான். பலவான் முன்னே ஓடி ஒரு பிரயோசனமும் இல்லை. மீள் கயிறொன்றால் பின்னவனைத் தன் இடுப்போடு இணைத்து இழுத்துக்கொண்டு ஏறுவதே அங்கே பலவானின் இலட்சணம்.

இந்த விதிகளின் அருமையை உணர்த்துவது 1949ஆம் ஆண்டின் துயரம். அவ்வாண்டுப் பந்தயத்தில் ஓர் அணியின் மூவரும் பனியாற்றுப் பிளவொன்றில் வீழ்ந்து மறைந்தார்கள்; எட்டு நாளுக்குப் பின்னரே அவர்களின் உடல்கள் கிடைத்தன. அரசாங்கம் பந்தயத்தைத் தடைசெய்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த மலைப்பாதையில் பந்தயம் என்ற பேச்சே இல்லை. 1984இல், பாதையைக் காக்கவும் காலநிலையைக் கணிக்கவும் விரிவான ஏற்பாடுகளுடன், அது மறுபடியும் ஆரம்பமாயிற்று. வானிலை சந்தேகமானால் இன்றும் நடுவழியில் பந்தயத்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதை அவமானமாக அவர்கள் கருதுவதில்லை.

இனிப் பனிக்கட்டி ஏற்றம். நம் கீரிமலைக்குப் பெயரில் மலை உண்டு, நிலத்தில் மலை இல்லை. ஆனால் சுண்ணக்கல்லின் துவாரங்களூடே நல்ல நீர் கசிந்து கடலோரத்தில் ஊறுவதை அங்கே நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவ்வாறு கல்லிலிருந்து கசியும் நீரும், செங்குத்தான பாறையிலிருந்து விழும் அருவியும், கடுங்குளிரில் அப்படியே உறைந்து, தூண்தூணாகவும் விழுதுவிழுதாகவும் தொங்கி நிற்பதை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரு கையிலும் வளைந்த அலகுடைய குறுங்கோடரிகள். பாதணியின் அடியில் இரும்புப் பற்கள், அவற்றுள் இரண்டு முன்னோக்கி நீண்டவை. அம்முன்பற்களை 1929இல் கூர்மயேரைச் சேர்ந்த லோரன் கிறிவெல் அமைத்த பின்னரே, படி வெட்டாமல் பனிச்சுவரில் நேராக ஏறுவது கைகூடிற்று. கோடரியை ஓங்கிக் கொத்தினால் நல்ல பனிக்கட்டி கனத்த மந்த ஓசை தரும். அதிகக் குளிரில் இறுகி நொறுங்குந்தன்மை பெற்றதோ கணீரென்று ஒலித்துத் தட்டுத்தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழும். குளிர் மட்டாக இருக்கும்போதே கட்டி இளகி, அலகைப் பற்றிக்கொள்ளும். குதிகாலைச் சிறிது தாழ்த்தியே நிற்கவேண்டும். பயத்தில் உயர்த்தினால் முன்பற்கள் பிடியை விட்டுவிடும். உச்சியை அடைந்த பின், விறைத்த கைகளுக்கு இரத்தம் திரும்பும்போது உண்டாகும் வேதனையில் திடகாத்திரரும் கண்ணீர் விடுவார்கள்.

ஆண்டுதோறும் இதற்கு உலகக் கிண்ணப் போட்டிகள் நடக்கின்றன. சுவிற்சர்லாந்தின் ஸாஸ்-பே கிராமத்தில் பல மாடி வாகனத் தரிப்பிடம் ஒன்றே அரங்கமாகிவிடுகிறது. தென்கொரியரும் ஈரானியரும் இத்துறையில் உலகப் பட்டங்களைப் பெற்றிருக்கிறார்கள் என்பதை, இது வெள்ளையருக்கே உரிய வித்தை என்று எண்ணுவோர் கவனிக்கவேண்டும்.

பனிச்சுவரில் ஏறுவோரின் படங்களைப் பார்க்குந்தோறும் என் மனம் எங்கள் பனங்கூடலுக்கே திரும்பிவிடுகிறது. தளநாரைப் பாதங்களில் மாட்டி, மரத்தை மார்போடு அணைத்து, கிளையும் கணுவும் இல்லாத அந்தக் கருந்தூணில் காலையும் மாலையும், ஒரு மரமல்ல, பல மரங்கள் ஏறி இறங்கும் சீவல் தொழிலாளியின் வித்தை எவ்வகையில் இதற்குக் குறைந்தது? பாதத்தை எவ்வளவு மடக்குவது, பாரத்தை எப்போது கையிலிருந்து காலுக்கு மாற்றுவது, மழை நனைத்த மரத்தை எப்படி நம்பாதிருப்பது என்பன தகப்பன் மகனுக்குக் கற்பித்த சாஸ்திரமே. அங்கே கயிறு உண்டு, பதக்கம் உண்டு, விழுந்தவனைத் தூக்க ஹெலிகொப்டர் உண்டு. இங்கே விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களை ஊர் ஊராக நாம் அறிவோம். அவர்களின் சாமர்த்தியத்தைத் தொழிலென்று தள்ளி வைத்ததோடு, அத்தொழில் செய்தவரையும் தள்ளி வைத்த சமூகம் நம்முடையது. ஒரு வாரத்துக் கட்டுரையில் தீர்ந்துவிடக் கூடிய கடன் அல்ல அது.

கடலிலும் நமக்கு முன்னோடிகள் உண்டு. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் இக்கரையிலிருந்து இந்தியக் கரைக்கும், அங்கிருந்து மீண்டும் இங்கும், 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். அதே ஆனந்தன், 1984 ஆகஸ்டில், நம் கடலின் இளஞ்சூட்டை அறியாத ஆங்கிலக் கால்வாயின் குளிர்ந்த நீரை நீந்த முயன்று உயிர் நீத்தார். பனியாற்றுப் பந்தயம் மறுபிறவி எடுத்ததும் அவ்வாண்டே. குளிரோடு மனிதன் தொடுக்கும் போரில் எங்கள் குடாநாடும் ஒரு மகனைக் கொடுத்திருக்கிறது என்பதை நினைக்காமல் இவ்விஷயத்தை என்னால் எழுத முடியவில்லை. எவரெஸ்டின் 8,400 மீற்றர் வரை 2016இல் ஏறி, ஒட்சிசன் உபகரணக் கோளாறால் உச்சியை விட்டுத் திரும்பிய இலங்கையர் யொஹான் பீரிஸ், 2018இல் மீண்டும் போய் அதே சிகரத்தை அடைந்தார். திரும்பத் தெரிந்தபடியால் அவருக்கு இரண்டாவது முறை கிடைத்தது.

இந்தியாவிலே காஷ்மீரத்துக் குல்மார்க்கில் நடைபெறும் தேசிய குளிர்கால விளையாட்டுகளில் இப்போது ஸ்கீ மலையேற்றமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் பனியோ குறைந்துவருகிறது: 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் பனியாறுகள் தம் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. ஸெர்மாட்டுக்கும் வெர்பியேக்கும் இடையே இன்று நடக்கும் பாதையில் நம் பேரப்பிள்ளைகள் நடப்பார்களா என்பது சந்தேகம்.

அந்தப் பேரப்பிள்ளைகளை முன்னிட்டே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் நம்மவர் பல்லாயிரவர் குடியேறிவிட்டார்கள். சுவிஸ் பாடசாலைகளில் குளிர்காலத்தில் பிள்ளைகளை ஒரு வாரம் மலைக்கு அழைத்துப்போய்ப் பனிச்சறுக்குப் பழக்கும் வழக்கம் உண்டு. அதற்குச் சம்மதம் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வரும். செலவை நினைத்தும், விழுந்தால் என்னாகும் என்று அஞ்சியும், பெண்பிள்ளையாயிற்றே என்று தயங்கியும், அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிய குடும்பங்களை நான் அறிவேன். செலவு முடியாவிட்டால் ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உதவி கிடைக்கும் இடங்கள் பல. அச்சமும் தயக்கமுமே காரணமானால், பாக்கு நீரிணையை நீந்தியவர்களின் ஊரிலிருந்து போனவர்கள் நீங்கள் என்பதை எண்ணிக்கொண்டு, இந்தக் குளிர்காலத்தில் அக்கடிதம் வரும்போது கையொப்பம் இட்டு அனுப்புங்கள்.

(அடுத்த வாரம் தொடரும்)