நகப்பூச்சும் தலைச்சாயமும்: வுழூவையும் உடலையும் காப்போம்



பெருநாளுக்கு மறுநாள் ஒரு தாய் என்னிடம் வந்து முறையிட்டார். "மௌலவி, மகள் பெருநாளன்று காலைத் தொழுகைக்குப் பின் கியூடெக்ஸ் பூசிக்கொண்டாள். அதை அழிக்கும் ரிமூவர் வீட்டில் இருக்கவில்லை. கடைகளும் பூட்டு. ளுஹரையும் அஸரையும் தொழாமல் விட்டுவிட்டாள். ஏசினால் அழுகிறாள்" என்றார். ஒரு சிறு போத்தல் இல்லாமையால் இரண்டு பர்ளுகள் தவறிப்போயின. இந்நிலை நம் வீடுகளிலும் ஏற்படாதிருக்கவே இவ்விளக்கம்.

முதலில் அடிப்படையை அறிந்துகொள்ளுங்கள். நிறம் வேறு, படலம் வேறு. மருதோன்றி நகத்துக்கு நிறத்தை மாத்திரமே தருகிறது; தண்ணீரைத் தடுப்பதில்லை. நகப்பூச்சோ காய்ந்ததும் நகத்தின் மேல் ஒரு படலமாகப் படிந்து, தண்ணீர் சேர்வதைத் தடுத்துவிடுகிறது. வுழூச் செய்த ஒருவரின் பாதத்தில் நகத்தின் அளவு இடம் நனையாதிருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவரைத் திரும்பிச் சென்று வுழூவைச் செம்மையாகச் செய்யுமாறு பணித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. நகத்தளவு இடத்துக்கே இச்சட்டம் எனில், பத்து விரல்களின் நகங்களும் மூடப்பட்டிருந்தால் என்னவாகும் என்று சிந்தித்துப் பாருங்கள். கடமையான குளிப்புக்கும் இதுவே சட்டம்.

"காற்றுப் புகும்" என்று விளம்பரம் செய்யப்படும் பூச்சுகளைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். காற்றுப் புகுவது வேறு, தண்ணீர் நகத்தைச் சென்றடைவது வேறு. உறுதியில்லாத ஒன்றின் மீது தொழுகையைக் கட்டியெழுப்ப வேண்டாம்.

நகப்பூச்சு பூச விரும்பும் சகோதரிகள் தொழுகை கடமையில்லாத நாட்களில் பூசி, குளிப்பதற்கு முன் முற்றாக அகற்றிவிடலாம். ரிமூவர் முடிந்துவிட்டால், பழைய பூச்சின் மீது புதிய பூச்சை ஒரு தடவை தடவி, அது காயுமுன் பஞ்சினால் அழுத்தித் துடையுங்கள். புதிய பூச்சிலுள்ள கரைப்பான் பழையதையும் இளக்கிவிடும். சில தடவைகள் செய்தால் நகம் சுத்தமாகும். அந்தத் தாயின் வீட்டில் பூச்சுப் போத்தல் இருந்தது. இவ்வழி தெரிந்திருந்தால் அதுவே போதுமாயிருந்திருக்கும். பிளேட்டினால் சுரண்டாதீர்கள், நகம் காயப்படும். பெரும்பாலான ரிமூவர்களில் உள்ள அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஆகவே அடுப்படியில் பாவிக்க வேண்டாம். யன்னலைத் திறந்து வையுங்கள். நகம் வரண்டிருந்தால் இரவில் சிறிது தேங்காயெண்ணெய் தடவுங்கள். கடும் நிறப் பூச்சுகளால் நகம் மஞ்சளித்திருந்தால் சில வாரங்கள் பூச்சை நிறுத்துங்கள். நகம் வளர வளர மஞ்சள் நீங்கும்.

அடுத்து தலைச்சாயம். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபா, தலையும் தாடியும் தூய வெண்மையாக அழைத்து வரப்பட்டார். அந்நரையை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எனவே இமாம் நவவி (ரஹ்) போன்றோர் நரைக்குக் கறுப்புச் சாயமிடுவதை ஹராம் என்றனர். மக்ரூஹ் என்று கூறிய அறிஞர்களும் உளர். மருதோன்றியோ நபிவழியில் சிறப்பித்துச் சொல்லப்பட்டது. சாயம் மயிரின் நிறத்தை மட்டும் மாற்றினால் குளிப்புக்குத் தடையில்லை. பசைபோல் ஒட்டியிருப்பதை நன்கு கழுவிவிடுதல் அவசியம். நெற்றியோரத்தில் முன்கூட்டியே வாசலின் தடவிக்கொண்டால் தோலில் கறை பிடிக்காது.

பெற்றோரே, இவ்விடத்தில் மிகக் கவனமாயிருங்கள். தூய மருதோன்றி முதலில் செம்மஞ்சளாகவும், ஓரிரு நாட்களில் கபிலமாகவும் மாறும். கரிய கறுப்பாக ஒருபோதும் மாறாது. சிறிது நேரத்திலேயே கறுப்பாகப் பிடிக்கும் "கறுப்பு மருதோன்றி" கோன்களில் பீ.பீ.டீ. எனும் தலைச்சாய இரசாயனம் கலந்திருக்கக்கூடும். அது தோலைக் கொப்புளிக்கச் செய்து தழும்பை விட்டுச்செல்லும். ஒரு தடவை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னாளில் சாதாரண தலைச்சாயமே பெரும் ஆபத்தாகலாம். சிறு பிள்ளைகளின் கைகளில் இதனை அறவே இடாதீர்கள். தலைச்சாயம் பாவிக்குமுன் ஒவ்வொரு முறையும் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணித்தியாலங்கள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் பாவிக்க வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சாயப் பொருட்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கினால் உயிரையே பறிக்கக்கூடியவை அவற்றில் உள்ளன.

இறுதியாக, ஏசுவதனால் எந்த மகளும் தொழுகையை நேசிக்கப் போவதில்லை. அலங்காரத்தை விரும்புவது குற்றமன்று. அதற்குரிய நேரத்தையும் முறையையும் கற்றுக்கொடுப்பது நமது பொறுப்பு. அந்தத் தாயிடம் நான் கூறியதும் இதுவே: "தவறிய இரண்டையும் மகள் களாச் செய்யட்டும். நீங்களும் பக்கத்தில் நின்று ஒரு ரக்அத்தாவது தொழுங்கள். அடுத்த பெருநாளுக்குப் புத்தாடையுடன் ஒரு போத்தல் ரிமூவரும் மருதோன்றி இலையும் சேர்த்து வாங்குங்கள்."

நமது பிள்ளைகளின் அழகையும் அமல்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.