தோட்டப் பெண்களும் சமூகக் காப்பும்

வறியோரைக் காத்தல் அரசின் கடமை என்பது இன்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட உண்மை. எனினும், ஒரு காப்புத் திட்டம் நீதியானதா, பயனுடையதா என்று துணிவதற்கு மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். வறுமை எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது? அளவையில் விடுபடுவோர் யாவர்? கொடுக்கப்படும் பொருள் யார் கையைச் சேர்கிறது? கொத்மலைப் பகுதியிலுள்ள பூண்டுலோயா, இறம்பொடை முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டப் பெண்களது நிலை இவ்வினாக்களுக்குத் தக்க சான்றாகும்.

இப்பெண்கள் உழைத்துக் கூலி பெறுவோர். ஆதலின் அவர்களுக்குரிய முதற் காப்பு தொழிற் சட்டங்களின் வழியே வந்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவற்றுள் தலையாயது. ஆயின், 84 நாள் விடுமுறை வழங்கப்பட்ட காலத்திலும், முன்னரே இரு பிள்ளைகளையுடைய தாய்க்கு அதிற் பாதியாகிய 42 நாளே கிடைத்தது. பிள்ளைகள் மிகுந்த வறிய தாய்க்கே ஓய்வு குறைந்தது என்க. இக்குறை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. எனினும், கடை, காரியாலயச் சட்டத்தின்கீழ் வரும் பெண் முழுச் சம்பளம் பெற, இக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வருவோர்க்கு உரிய வீதம் சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கே. பதிவிற் பெயரின்றிக் 'கைக்காசு'க்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ நடைமுறையில் அதுவும் எட்டுவது அரிது.

தேயிலைத் தோட்டங்களில் ஆண் பெண் கூலி வேறுபாடு 1984இல் ஒழிந்தது. ஆயினும், மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று பெற்றுவரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. சம உரிமை ஏட்டில் இருந்தது. பணமோ அவள் கையிலில்லை.

இனி, வறுமை நிவாரணத் திட்டங்களை நோக்குவோம். 1995இல் சமுர்த்தி தொடங்கியபோது தோட்ட மக்கள் பெரும்பாலும் அதற்குப் புறத்தே நின்றனர். அவர்கள் மாதச் சம்பளம் பெறுவோர், தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலுள்ளோர் என்பதே காரணமாகக் கருதப்பட்டது. ஒரு லயத்து அறையில் இருவர் மூவர் 'பேர்' போட்டால், அக்கூலிகளைக் கூட்டிக் குடும்ப வருமானம் கணிக்கப்படும். அதிற் பெண்ணின் செலவுக்கு எஞ்சுவது எவ்வளவு, கடனுக்கும் குடிக்கும் போவது எவ்வளவு என்பது அக்கணக்கிற் புலப்படாது. 2023இல் நடைமுறைக்கு வந்த 'அஸ்வெசும' 22 குறிகாட்டிகளைக் கொண்டு, நான்கு பிரிவினர்க்கு மாதந்தோறும் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வகுத்தது. வருமானத்தை மட்டும் நோக்காது கல்வி, சுகாதாரம், வீடு முதலியவற்றையும் நோக்கியமை இதன் சிறப்பு. எனினும், இங்கும் அளவைக்குரிய அலகு குடும்பமே. தனிப் பெண் அல்லள்.

பிற நாடுகளின் அனுபவம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மெக்சிக்கோவில் 1997இல் தொடங்கிய 'புரோகிரேசா' திட்டம் உதவிப் பணத்தைத் தாயிடமே அளித்தது. பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், இடைநிலைக் கல்வியைத் தொடர்வது அதனாற் பெருகிற்று. தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15இல் தொடங்கப்பெற்ற கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குடும்ப அட்டையில் ஆண் தலைவனாகப் பதியப்பட்டிருப்பினும் அவன் மனைவியையே குடும்பத் தலைவியாகக் கொண்டு, மாதம் 1,000 ரூபாவை அவள் கணக்கிற் செலுத்தியது. அதனை 'உதவி' என்னாது 'உரிமை' எனப் பெயரிட்டமையும் கருதற்பாலது.

பெண்ணின் பெயரிற் கணக்குத் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பதன்று. வங்கிக்கும் காரியாலயத்துக்கும் போய்வர ஒரு நாட் பேரை இழப்பவள், உதவியின் ஒரு பகுதியை அதற்கே விலையாகக் கொடுக்கிறாள். விண்ணப்பமும் மேன்முறையீடும் அவள் மொழியில், அவள் இருக்குமிடத்துக்கு அண்மையில் அமைதல் வேண்டும். கைக்காசுப் பெண்ணின் மகப்பேற்று நன்மைக்குப் பொதுநிதியொன்று வேண்டும். குடும்பத்தை எண்ணும் அளவை அதனுள் வாழும் பெண்ணையும் எண்ணுதல் வேண்டும். இவை நிறைவேறும்போதே சமூகக் காப்பு என்னும் பெயர் தோட்டப் பெண்ணைப் பொறுத்தமட்டிற் பொருளுடையதாகும்.