இயன்முறை சிகிச்சை எந்தத் தெரு வரை வருகிறது?

பக்கவாதத்தில் செயலிழந்த கைகால்களை மருந்து மட்டுமே மீட்டுவிடாது. ஓர் அசைவைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்கையில்தான் மூளை மாற்றுப் பாதைகளை உருவாக்கிக்கொள்கிறது. முதல் மூன்று மாதங்களில் இம்மீட்சி மிகுதி.

சேலம், நாமக்கல் சமவெளியின் அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றுவந்தால், துணைக்குச் செல்பவரின் ஒருநாள் கூலி போய்விடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இச்சிகிச்சையை வீட்டுக்கே அனுப்புகிறது. ஆனால் ஒன்றியம் முழுமைக்கும் ஓர் இயன்முறை சிகிச்சையாளர் என்றால் வாரம் பலமுறை வருவது எங்ஙனம்?

இது தொட்டுச் செய்யும் சிகிச்சை. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு நோயாளியின் படுக்கையருகிலும் செல்லுபடியாக வேண்டும். எந்தக் குடியிருப்புக்கு எத்தனை முறை சென்றனர் என்னும் கணக்கை அரசு வெளியிட வேண்டுமென நாம் கோருகிறோம்.