அந்தப்புரத்துக் கஜானா – 7: வெற்றிலைச் செலவுக்கு ஒரு துறைமுகம்

மும்தாஜ் விட்டுப்போன ஒரு கோடி ரூபாயில் சரிபாதி மூத்த மகள் ஜஹானாராவுக்குப் போனதும், மீதிப் பாதியை மற்ற பிள்ளைகள் பங்குபோட்டுக்கொண்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் டெல்லியின் சாந்தினி சௌக் என்று சொல்லியிருந்தோம். ஆனால் சூரத் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு முகலாயர்களின் முதன்மைத் துறைமுகம் சூரத். ஹஜ் யாத்திரைக் கப்பல்கள் புறப்படுவதும் அங்கிருந்துதான்; ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கிடங்கு போட்டு நீலமும் பருத்தித் துணியும் ஏற்றியதும் அங்கேதான். அந்தத் துறைமுக வருவாயை அப்படியே ஷாஜகான் மகளுக்குக் கொடுத்தார். எதற்காம்? வெற்றிலைச் செலவுக்கு என்று எழுதிவைத்திருக்கிறார் மனுச்சி. வெனிஸில் பிறந்து, ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் வேலை பார்த்து, பிறகு மெட்ராஸுக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு, பரங்கிமலையில் வீடும் தோட்டமுமாக வைத்தியம் பார்த்த அதே மனுச்சிதான். முகலாய அந்தப்புர வம்புகள் ஐரோப்பாவுக்குப் போனதில் பரங்கிமலைக்கும் ஒரு பங்கு உண்டு.

துறைமுகம் கைக்கு வந்த கதை விபத்தில் தொடங்குகிறது. 1644 வசந்த காலம், ஆக்ரா கோட்டை. ஜஹானாராவின் வாசனைத் தைலம் ஊறிய மெல்லிய மஸ்லின் உடையில் விளக்குச் சுடர் பட்டுவிட்டது. அணைக்க ஓடிவந்த பணிப்பெண்களின் உடையிலும் தீ பரவியது. அவர்களில் இருவர் இறந்தே போனார்கள். இளவரசிக்கு முதுகும் கைகளும் வெந்துபோயின. ஷாஜகான் அரசு வேலைகளைக் குறைத்துக்கொண்டு மகளின் படுக்கையருகே உட்கார்ந்தார். இரவில் அவள் தலையணைக்கடியில் ஆயிரம் ரூபாய் வைப்பார்கள். விடிந்ததும் அது ஏழைகளுக்குப் போகும். ஹக்கீம்கள் பலர் பார்த்தும் ஆறாத புண், கடைசியில் ஆரிஃப் என்ற ஊழியன் தயாரித்த களிம்பில் ஆறியது என்கின்றன அரசவைக் குறிப்புகள். அந்த நவம்பரில் விழா எடுத்தார்கள். சூரத் அப்போது மகளுக்கு வந்த பரிசுகளில் ஒன்று.

இதே தீக்காயத்தை வைத்து ஆங்கிலேயர்களும் ஒரு கதை கட்டினார்கள், பாருங்கள், அதுதான் சுவாரசியம். இளவரசியைக் குணப்படுத்தியது சூரத்திலிருந்து போன கேப்ரியல் பௌட்டன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராம். என்ன வேண்டும் கேள் என்றாராம் பாதுஷா. தனக்கென்று எதுவும் கேட்காமல், வங்காளத்தில் தன் நாட்டவருக்குச் சுங்கமில்லாத வியாபார உரிமை கேட்டாராம் அந்த உத்தமர். இந்தியாவில் ஆங்கிலேயர் காலூன்றியதற்கே இந்தத் தியாகம்தான் காரணம் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தினார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனியின் பழைய கடிதங்களைப் புரட்டினார். பௌட்டன் நிஜ மனிதர்தான். ‘ஹோப்வெல்’ கப்பலின் வைத்தியர். முகலாயப் பிரபு அசாலத் கான் ஒரு டாக்டர் வேண்டும் என்று கேட்க, சூரத்திலிருந்து அவரை அனுப்பிவைத்ததும் உண்மை. ஆனால் அனுப்பியது 1645-இல். அதற்குள் இளவரசி குணமாகி, விழாச் சாப்பாடும் முடிந்திருந்தது! பௌட்டன் பின்னாளில் வங்காளத்தில் இளவரசன் ஷுஜாவிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடைத்த செல்வாக்குக்கு இளவரசியின் புண்ணைச் சேர்த்து ஜோடித்துவிட்டார்கள்.

சூரத் கிடைப்பதற்கு முன்பே ஜஹானாராவுக்குச் சொந்தக் கப்பல் இருந்தது. பெயர் ‘சாஹிபி’. 1643-இல் மெக்கா யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு முதல் பயணம். ஆண்டுதோறும் அந்தக் கப்பலில் ஐம்பது கோணி அரிசி மெக்காவின் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்பது அவள் உத்தரவு.

இடம் முடிந்துவிட்டது என்கிறார் ஆசிரியர். சாந்தினி சௌக்கும், அதன் நடுவே ஜஹானாரா கட்டி, 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய சத்திரமும் அடுத்த வாரம் நிச்சயம். ஆக்ரா ஜும்மா மசூதிக்கு அவள் கொடுத்த ஐந்து லட்சத்தையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)