கழிவு போக மீதி எவ்வளவு?

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் ஈப்போவில் தனியார் கல்லூரிகளின் கல்விக் கண்காட்சிகள் களைகட்டும். "உங்கள் மகளுக்கு 50 விழுக்காடு உபகாரச் சம்பளம்" என்று சொல்லக் கேட்ட பூரிப்பில், சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த அப்பா அங்கேயே முன்பணம் கட்டிவிடுவார். கட்டுமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: படித்து முடிக்கும்வரை நம் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?

மூன்றாண்டுப் படிப்புக்குக் கட்டணம் 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாதி கழிந்தால் மீதி 30,000. இந்தக் கழிவு பெரும்பாலும் பாடக் கட்டணத்துக்கு மட்டும்தான். அறை வாடகையும் சாப்பாடும் மாதம் 700 வெள்ளி என்றால் 36 மாதத்துக்கு 25,200. ஆக, 'பாதி இலவசம்' என்ற படிப்புக்கு 55,200 வெள்ளி தேட வேண்டும். பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் இதில் சேரவில்லை. இரண்டாம் ஆண்டில் புள்ளி குறைந்தால் கழிவு நின்றுபோகும் என்ற நிபந்தனையும் கடிதத்தில் இருக்கலாம்.

அதனால் முதலில் கட்டணமே குறைவான வழியைப் பாருங்கள். ஆறாம் படிவத்துக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் செலவு சொற்பம். மெட்ரிகுலேஷனில் மாதப்படியும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் அங்கே இடம் உறுதி என்று 2024இல் அரசு அறிவித்தது. அவ்வளவு ஏ இல்லையா? நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969 முதல் ஈப்போவிலேயே இருக்கிறது. டிப்ளோமாவுக்கு ஒரு பருவக் கட்டணம் சில நூறு வெள்ளிதான்.

அடுத்து, திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.யும் பெட்ரோனாஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் தேர்ச்சியைப் பார்த்து உபகாரச் சம்பளம் தருகின்றன. இவற்றுக்கு ஒப்பந்தம் உண்டு. படித்தபின் சொன்ன இடத்தில் சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டிவரும், மீறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். கம்பாரில் உள்ள யு.டி.ஏ.ஆர். பல்கலைக்கழகம், ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சிக்குக் கட்டணக் கழிவு தருகிறது. விண்ணப்பக் காலம் குறுகியது என்பதால் முடிவு வருமுன்பே தாள்களைச் சேர்த்து வையுங்கள். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லாமல் குத்தகை வேலையென்றால், பெங்குலு போன்ற அதிகாரி ஒப்பமிட்ட வருமான உறுதிக் கடிதம் கைகொடுக்கும்.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அங்கத்தினர் பிள்ளைகளுக்குச் சங்கம் கல்வி உதவி வழங்கி வருகிறது. தாத்தா பெயரில் பங்கு இருந்து, அவர் காலமாகியிருந்தால், பெயர் மாற்றம் முறைப்படி நடந்ததா என்று சங்கத்திடம் விசாரியுங்கள்.

கடைசியில்தான் கடன். 1997இல் தொடங்கிய அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். குடும்ப வருமானம் குறைந்தால் கிடைக்கும் தொகை கூடும். விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். முதல் வகுப்பில் தேறியவர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடன் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தக் கடன் மகள் பெயரில் ஏறுகிறது. வேலைக்குப் போனதும் கட்டப்போவது அவள்தான்.

இரண்டு கல்லூரிகள் இடம் தந்தால், கழிவு விழுக்காட்டை ஒப்பிடாதீர்கள். ஒரு தாளில் மொத்தச் செலவு, இலவசப் பணம், கடன், கைப்பணம் என்று இரண்டுக்கும் கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு கட்டத்துக்கு விடை தெரியாவிட்டால், கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.